சில நூறு பேர் வாழும் ஊரில் இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். தென் பிரான்சில் கோங்க் என்ற கிராமத்தின் படத்தை ஒருவர் பார்த்திருக்கிறார். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் வீடுகள், நடுவில் மூன்று கோபுரங்களோடு ஒரு பெரிய கிறிஸ்தவக் கல் கோயில். “இது நகரமாக இருந்து சுருங்கிப்போன ஊரா? இவ்வளவு சின்ன ஊருக்குக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? போர், புரட்சி எல்லாம் தாண்டி எப்படி நின்றது? இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஊருக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை போனபோது எனக்குள்ளும் இதே கேள்விகள்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கோங்க் என்றைக்கும் பெரிய நகரமாக இருந்ததில்லை. மத்திய காலத்தில் இப்போதைவிட ஜனம் அதிகம், கடைத்தெருவும் சத்திரங்களும் நிறைந்த ஊர், அவ்வளவுதான். இருக்கும் இடத்தைப் பார்த்தாலே புரியும். அவெய்ரோன் மாவட்டத்தில், ரோடெஸ் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், ஊஷ் என்ற ஓடை தூர்தூ ஆற்றில் போய் விழுகிற செங்குத்தான பள்ளத்தாக்கு. சமதளம் என்று சொல்ல ஒரு வயல்கூட இல்லை. சிப்பியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது, ஏனென்றால் மலை அந்த வடிவத்தில் குழிந்திருக்கிறது. நகரம் வளரும் இடமே இல்லை. ஒதுங்கிப் போய்த் தவம் செய்கிறவன் தேடும் இடம் அது.

அப்படித்தான் ஆரம்பித்தது. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாதோன் என்ற துறவி தனியாக வந்து தங்கினார். கூடவே சிலர் சேர்ந்தார்கள், பெனடிக்ட் சபை ஒழுங்கின்படி மடம் உருவானது. பேரரசர் சார்லமேனின் மகன் லூயி 819-இல் மடத்துக்கு நிலமும் சலுகையும் கொடுத்தார். மடம் இருந்தது, அரச ஆதரவு இருந்தது. ஆனால் ஜனங்கள் வருவதற்குக் காரணம் இல்லை.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஜனங்கள் ஒரு கோயிலைத் தேடி நடக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு புனிதரின் எலும்போ உடையோ இருக்க வேண்டும். அருளிக்கம் என்று நம் கத்தோலிக்கர்கள் சொல்வார்களே, அதுதான். அருளிக்கம் இருந்தால் யாத்ரீகர்கள் வருவார்கள், நேர்ச்சை செலுத்துவார்கள், நிலம் எழுதி வைப்பார்கள். அது இல்லாத மடம் மெல்ல நலிந்துபோகும். கோங்க் துறவிகளிடம் பெரிய அருளிக்கம் எதுவும் இல்லை.

அவர்கள் செய்தது திருட்டு. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அவர்களும் மறைக்கவில்லை, பெருமையாகவே எழுதி வைத்தார்கள்.

அஜான் என்ற ஊரில் ஃபுவா என்ற சிறுமியின் கல்லறை இருந்தது. லத்தீனில் அவள் பெயர் ஃபீதெஸ், விசுவாசம் என்று பொருள். ரோமப் பேரரசர் தியோக்ளேசியன் காலத்துத் துன்புறுத்தலில், 303 வாக்கில், ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சி என்பது மரபு. வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். கோங்க் மடத்துத் துறவி அரிவிஸ்குஸ் அஜானுக்குப் போய், அங்குள்ள கோயில் சமூகத்தில் ஒருவராகச் சேர்ந்து, பத்து வருஷம் இருந்தார் என்கிறது மடத்தின் பழைய வரலாறு. பத்து வருஷம்! நம்பிக்கையைச் சம்பாதித்து, கல்லறைக்கே காவலராக ஆகி, ஒருநாள் அதை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு கோங்க் வந்து சேர்ந்தார். இது 866 வாக்கில் நடந்தது. அவர்கள் சொன்ன நியாயம் எளிமையானது: புனிதைக்கு விருப்பம் இல்லையென்றால் அவளே தடுத்திருப்பாள், தடுக்கவில்லை, ஆகவே அவளுக்குச் சம்மதம். அந்தக் காலத்தில் இப்படிப் பல ஊர்களில் நடந்தது, இதைப் ‘புனிதத் திருட்டு’ என்றே சொன்னார்கள். இருந்தாலும் அஜான் மக்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த எலும்புகளை வைக்க ஒரு சிலை செய்தார்கள். கோயிலைவிட மூத்தது இந்தச் சிலை, இன்றும் கோங்க் பொக்கிஷ அறையில் இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு மறக்காது. உயரம் 85 சென்டிமீட்டர்தான். உள்ளே மரம், மேலே முழுக்கத் தங்கத் தகடு. சிம்மாசனத்தில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் தலை சிறுமியின் தலை இல்லை. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் செய்த ஒரு ஆணின் தங்கத் தலையை எடுத்து வைத்திருக்கிறார்கள், அது ஒரு பேரரசரின் முகமாக இருக்கலாம். உடம்புக்குக் கொஞ்சம் பெரிதான தலை, சற்றே மேல்நோக்கி நிமிர்ந்திருக்கிறது. கருநீலக் கண்கள் நம் தலைக்கு மேலே எங்கோ பார்க்கின்றன. உடல் முழுக்கக் கற்கள் பதித்திருக்கிறார்கள்: மாணிக்கம், முத்து, படிகம், செதுக்கிய ரோமானியக் கற்கள். ஒரே நேரத்தில் பதித்தவை இல்லை. ஒவ்வொரு நூற்றாண்டிலும் யார் யாரோ கொடுத்தது மேலே மேலே சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. நின்று பார்த்தபோது எனக்கு அது ஒரு கலைப்பொருளாகத் தோன்றவில்லை. ஆயிரம் வருஷத்து நேர்ச்சைக் கணக்குப் புத்தகம் மாதிரி இருந்தது.

இந்தச் சிலையைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஆன்ஜே நகரத்து பெர்னார். படித்த குருமார் வட்டத்தைச் சேர்ந்த வடநாட்டுக்காரர். 1013-இல் கோங்க் வந்தார். தெற்கத்தி ஜனங்கள் தங்கச் சிலை முன்னால் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, இது பழைய ரோமாபுரி தெய்வங்களுக்குச் செய்த விக்கிரக ஆராதனை போலவே இருக்கிறதே என்று முகம் சுளித்தார். பிறகு அவரே மனம் மாறி, புனிதை செய்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களை எல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு நூலாகத் தொகுத்தார்.

அவரைக் கோங்க்குக்கு இழுத்தது கிபேர் என்பவரின் கதை. கண்கள் பிடுங்கப்பட்டு, ஒரு வருஷம் கழித்துப் புனிதையின் அருளால் மறுபடி பார்வை பெற்றதாகச் சொல்லப்பட்ட மனிதர். பெர்னார் அவரை நேரில் சந்தித்துக் கேட்டு எழுதினார். எனக்கு அந்தத் தொகுப்பில் மிகவும் பிடித்தது வேறொன்று. துலூஸ் பிரபுவின் மனைவி ஆர்சேன்த்துக்குக் குழந்தை இல்லை. ஃபுவா கனவில் வந்து, உன் கையில் இருக்கும் தங்க வளையல்களை எனக்குத் தா என்று கேட்கிறாள். எனக்கு ஆண் குழந்தை கிடைக்கச் செய்தால் தருகிறேன் என்கிறாள் அந்தப் பெண். பேரம் முடிகிறது. வளையல்கள் கோங்க் வந்து சேர்கின்றன, இரண்டு மகன்கள் பிறக்கிறார்கள். மோதிரமும் வளையலும் கேட்டு அடம்பிடிக்கிற, சில நேரம் விளையாட்டுக் காட்டுகிற சின்னப் பெண்ணாகவே அந்த ஜனங்கள் தங்கள் புனிதையைப் பார்த்தார்கள். தங்கச் சிலையின் கடுமையான முகத்துக்கும் இந்தக் கதைகளில் வரும் சிறுமிக்கும் சம்பந்தமே இல்லாதது போலிருக்கும். அவர்களுக்கு இரண்டும் ஒருத்திதான்.

சிறைப்பட்டவர்களை விடுவிப்பவள் என்ற பெயரும் அவளுக்கு உண்டு. விடுதலையானவர்கள் தங்கள் விலங்குகளைக் கொண்டுவந்து கோயிலில் தொங்கவிட்டார்கள். கோயிலின் பலிபீடப் பகுதியைச் சுற்றி இன்றும் பழைய இரும்புக் கிராதி இருக்கிறது. அந்த விலங்குகளை உருக்கி அடித்துச் செய்தது என்று ஊரில் சொல்வார்கள்.

சரி, இப்போது கட்டடத்துக்கு வருவோம். கேள்வியில் கேட்ட பணம் இங்கேதான் இருக்கிறது. நேர்ச்சைகளும் நிலக்கொடைகளும் பல திசைகளிலிருந்து வந்தன. லு புயி என்ற ஊரிலிருந்து ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு நடந்து போகும் யாத்ரீகர் பாதை கோங்க் வழியாகப் போகிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் அதே யாகப்பரின் கல்லறைக்குப் போகிற வழி. அந்தப் பாதையில் போகிறவர்கள் புனித ஃபுவாவைத் தரிசிக்காமல் போகக்கூடாது என்று 12-ஆம் நூற்றாண்டு யாத்ரீகர் கையேடே சொல்கிறது. ஆக, இந்தக் கோயிலைக் கட்டியது அந்தக் கிராமத்தின் வருமானம் இல்லை. அரைக் கண்டத்தின் காணிக்கை.

பழைய கோயில் கூட்டத்துக்குப் போதவில்லை. மடாதிபதி ஒதோல்ரிக் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் நடுவில், புதிய கோயில் வேலை தொடங்கியது. அடுத்தடுத்த மடாதிபதிகள் தொடர்ந்தார்கள். மூன்றாம் பெகோன் (1087 முதல் 1107 வரை) காலத்தில் வேலை வேகமெடுத்தது, உள்முற்ற மண்டபத்தையும் அவரே எழுப்பினார். அவர் கல்லறையைக் கோயிலின் தெற்குச் சுவரில் பார்க்கலாம். அவருக்குப் பின் வந்த போனிஃபாஸ் காலத்தில் பெரும்பாலும் முடிந்தது.

சுவரைக் கொஞ்சம் கவனித்தால் கட்டிய வரிசையைக் கல்லிலேயே படிக்கலாம். கிழக்குக் கோடியில் முதலில் போட்ட சிவப்பு மணற்கல். அது போதாமல் போனதும் பக்கத்துப் பீடபூமியிலிருந்து வந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல். இடையே நிரப்ப உள்ளூர்ச் சாம்பல் பலகைக்கல். வெயில் படும்போது மஞ்சள் கல் மட்டும் தேன் நிறத்துக்கு மாறும்.

இடம் இல்லாததுதான் இந்தக் கோயிலின் வடிவத்தைத் தீர்மானித்தது. மலைச்சரிவை வெட்டித் தளம் அமைத்தாலும் நீளமாக இழுக்க முடியவில்லை. மொத்த நீளம் சுமார் 56 மீட்டர். அதனால் சிலுவையின் கைகளாக நீளும் குறுக்குப் பகுதியை அகலப்படுத்தினார்கள், நடுக்கூடத்தை உயர்த்தினார்கள். கூரை 22 மீட்டர் மேலே இருக்கிறது. நீளம் குறைவாக, உயரம் அதிகமாக இருப்பதால் உள்ளே நுழைந்ததும் கண் தானாகவே மேலே போகும்.

இன்னொரு விஷயம், துறவிகள் பூசை செய்துகொண்டிருக்கும்போதே யாத்ரீகர்கள் இடைஞ்சல் இல்லாமல் வந்து போக வேண்டும். அதற்காகப் பக்கக் கூடங்கள் வழியாக நடந்து, பலிபீடத்தின் பின்புறம் சுற்றி, மறுபக்கமாக வெளியே வரும்படி ஒரு சுற்றுப்பாதை அமைத்தார்கள். பாதையை ஒட்டிச் சின்னச் சின்னச் சிற்றாலயங்கள். அருளிக்கத்தைப் பார்க்க ஆயிரம் பேர் வந்தாலும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கலாம். துலூஸின் புனித செர்னான் கோயிலும் சந்தியாகோ பேராலயமும் இதே அமைப்புதான். பக்கக் கூடங்களுக்கு மேலே மாடிக்கூடமும் உண்டு. அதன் கால்வட்டக் கூரை நடுக்கூடத்தின் கனத்த கல் கூரை வெளியே தள்ளும் விசையைத் தாங்கிப் பிடிக்கிறது. அழகுக்காக வைத்த மாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லையென்றால் கூரை எப்போதோ பிளந்து விழுந்திருக்கும்.

இப்போது வாசல். கோங்க் என்றாலே எல்லோரும் பேசுவது மேற்கு வாசலுக்கு மேலுள்ள அரைவட்டச் சிற்பத்தைத்தான். 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது. ஏறக்குறைய ஆறே முக்கால் மீட்டர் அகலம், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம், 124 உருவங்கள். பொருள் இறுதித் தீர்ப்பு. நடுவில் கிறிஸ்து, அவருடைய வலப்பக்கம் மோட்சம், இடப்பக்கம் நரகம். சிவப்பும் நீலமுமாகப் பழைய வண்ணம் இன்னும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோட்சப் பக்கத்து ஊர்வலத்தில் மரியாளும் பேதுருவும் முன்னால் போகிறார்கள். அவர்களுக்குப் பின் ஊன்றுகோலோடு துறவி தாதோன் என்று சொல்லப்படுபவர். பிறகு ஒரு மடாதிபதி, சார்லமேன் பேரரசரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். பேரரசர் கொஞ்சம் தயங்கிக் குனிந்து வருகிறார். அவர் செய்த புண்ணியம் மோட்சத்துக்குப் போதாது, ஆனால் மடத்துக்குக் கொடுத்த கொடை கை கொடுக்கிறது என்று அர்த்தம். ஊர்வலத்துக்குக் கீழே ஒரு மூலையில்தான் என் கண் நின்றுவிட்டது. மேகத்திலிருந்து கடவுளின் கை மட்டும் நீண்டு வருகிறது. அதன் முன்னால் ஃபுவா நெடுஞ்சாண்கிடையாகக் குனிந்து கிடக்கிறாள். பின்னால் அவள் எழுந்து வந்த வெற்றுச் சிம்மாசனம், மேலே உத்தரத்தில் கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன. ஊர்க்காரர்கள் உள்ளே பார்த்த அதே விலங்குகள், அதே சிம்மாசனம். தங்கச் சிலை எழுந்து போய்க் கடவுளிடம் நமக்காகக் கெஞ்சுகிறது என்று எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும்.

நரகம் இன்னும் கலகலப்பாக இருக்கிறது. கவச உடை போட்ட வீரன் குதிரையிலிருந்து தலைகீழாக விழுகிறான், அவன் அகந்தைக்காரன். கஞ்சனைக் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். திருட்டு வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து வாட்டுகிறார்கள், வாட்டுகிற பேய்களில் ஒன்று முயல் மாதிரி இருக்கிறது. கள்ள நாணயம் அடித்தவனும் உண்டு. இதையெல்லாம்விடத் துணிச்சலானது, செங்கோல் பிடித்த ஒரு மடத்துத் தலைவரோடு துறவிகளையே பேய் வலைபோட்டுப் பிடிப்பதுதான். தங்கள் வாசலில் தங்களையே நரகத்தில் செதுக்க அனுமதித்தவர்கள் அவர்கள். நடுவில் ஆன்மாக்களை நிறுக்கும் தராசு. ஒரு பக்கம் மிக்கேல் என்ற சம்மனசு, அதாவது வானதூதர், எதிரே பேய். பேய் தன் தட்டை விரலால் கீழே அழுத்துகிறது.

சிற்பத்துக்கு மேலே வளைவைச் சுற்றி ஒரு கல் நாடா ஓடுகிறது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பதினான்கு சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. சுவர் மேல் கை ஊன்றி மூக்கு மட்டும் தெரிய வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் மாதிரி. பலருக்குக் கண்ணில் படாது. போகிறவர்கள் அவசியம் நிமிர்ந்து தேடுங்கள்.

அடுத்து, எப்படித் தப்பித்தது என்ற கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

14-ஆம் நூற்றாண்டிலிருந்து மடம் தேய ஆரம்பித்தது. 1537-இல் துறவற மடம் என்ற நிலையே முடிந்து, கோயிலைக் கவனிக்கத் துறவிகள் அல்லாத குருக்கள் வந்தார்கள். 1568-இல் மதப்போரின்போது புராட்டஸ்டன்ட் படையினர் வைத்த நெருப்பில் கட்டடம் பலத்த சேதமடைந்தது. பலிபீடத்தைச் சுற்றியிருந்த தூண்கள் வெடித்தன. அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தாங்க வைத்தார்கள். பணம் இருந்த ஊர்களில் இந்த மாதிரி நேரத்தில் பழையதை இடித்துவிட்டுப் புதுப் பாணியில் கட்டினார்கள். கோங்க்கில் பணம் இல்லை. ஒட்டுப்போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். நமக்கு 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் கிடைத்ததற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

1789-இல் புரட்சி வந்தது. கோயில் சொத்துகள் தேசத்தின் சொத்தாயின. பிரான்ஸ் முழுக்கக் கோயில்களிலிருந்த தங்கமும் வெள்ளியும் நாணயச் சாலைக்குப் போய் உருகின. அருளிக்கப் பேழைகள் ஆயிரக்கணக்கில் அப்படி அழிந்தன. கோங்க் பொக்கிஷமும் போயிருக்க வேண்டியது. போகவில்லை, ஏனென்றால் ஊர்க்காரர்கள் பேழைகளை எடுத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொண்டுபோய் ஒளித்துவிட்டார்கள். தோட்டத்தில் புதைத்தார்கள், கஷ்கொட்டை உலர்த்தும் பரண்களில் மறைத்தார்கள். அந்த மலைப்பகுதியில் கஷ்கொட்டைதான் ஏழைகளின் சாப்பாடு, ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அதை உலர்த்த ஒரு பரண் இருக்கும். தங்கச் சிலையின் ஒரு துண்டு தங்கத்தை விற்றாலும் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் பசியில்லாமல் இருந்திருக்கும். காலம் அமைதியானதும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டு வரையிலான பொற்கொல்லர் வேலை ஒரே இடத்தில் இருப்பது பிரான்சிலேயே அபூர்வம், அதற்கு அந்தப் பெயர் தெரியாத விவசாயிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பொக்கிஷத்தில் ‘சார்லமேனின் ஆ’ என்று ஒன்று உண்டு, லத்தீனின் முதல் எழுத்து வடிவத்தில் செய்த பேழை. பேரரசர் தன் மடங்களுக்கு ஆளுக்கொரு எழுத்தைக் கொடுத்தார், முதல் எழுத்து கோங்க்குக்குக் கிடைத்தது என்பது ஊர்ப் பெருமை.

அதே ஊர்க்காரர்கள் இன்னொன்றும் செய்தார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மடம் ஆளில்லாமல் கிடந்த 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெகோன் கட்டிய உள்முற்ற மண்டபம் இடிந்து கல் குவாரி ஆனது. வீடு கட்டக் கல் வேண்டியவர்கள் எடுத்துப்போனார்கள். இன்று சில வளைவுகளும் தூண் தலைப்புகளும் நடுவிலிருந்த பெரிய கல் தொட்டியும்தான் மிச்சம். தங்கத்தைக் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் கல்லை எடுத்துக்கொண்டார்கள். தங்கத்துக்குள் ஃபுவா இருந்தாள், கல்லுக்குள் அவர்களுக்கு யாரும் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

1837-இல் ப்ரோஸ்பேர் மெரிமே வந்தார். எழுத்தாளர், அரசின் வரலாற்றுச் சின்னங்கள் துறைக்குத் தலைமை ஆய்வாளர். இப்படி ஒரு வனாந்தரத்தில் இவ்வளவு செல்வத்தைக் காணத் தான் கொஞ்சமும் தயாராக இல்லை என்று எழுதினார். கோயில் விழும் நிலையில் இருந்தது. அவர் அறிக்கைக்குப் பிறகு பழுதுபார்ப்பு தொடங்கியது. 1840-இல் பிரான்ஸ் வெளியிட்ட முதல் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் கோங்க் இடம்பெற்றது. மேற்குக் கோபுரங்களின் கூம்புகள் நாம் நினைப்பதுபோல மத்திய காலத்தவை இல்லை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைத்தவை.

1873-இல் ரோடெஸ் ஆயர் ப்ரெமோந்த்ரே சபைத் துறவிகளை வரவழைத்தார், அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1875-இல், பலிபீடத்துக்குப் பின்னால் சுவரை உடைத்தபோது உள்ளே ஒரு தோல் பெட்டி அகப்பட்டது. எனாமல் பதக்கங்கள் பதித்த 12-ஆம் நூற்றாண்டுப் பெட்டி. திறந்தால் எலும்புகள். என்றைக்கோ ஆபத்துக்குப் பயந்து சுவருக்குள் வைத்துப் பூசியதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். அஜானிலிருந்து தூக்கிவந்தவளை அந்தச் சுவர் பத்திரமாக வைத்திருந்தது.

இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்குப் பதில் பலரை ஆச்சரியப்படுத்தும். பிரான்சில் 1905-இல் அரசையும் மதத்தையும் பிரிக்கும் சட்டம் வந்தது. அதன் விளைவாக, அதற்கு முன் கட்டிய பேராலயங்கள் தேசத்தின் சொத்து, மற்ற ஊர்க் கோயில்கள் அந்தந்த ஊராட்சியின் சொத்து. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அவற்றில் வழிபாடு நடத்தும் உரிமை உண்டு, உடைமை கிடையாது. கூரை ஒழுகினால் ஊராட்சித் தலைவர்தான் பணத்துக்கு அலைய வேண்டும். பிரான்ஸ் முழுக்க இப்படிச் சுமார் 40,000 கோயில்கள் ஊராட்சிகளின் தலையில் இருக்கின்றன. பல ஊர்களில் பூசைக்கு மாதம் ஒருமுறைகூடக் குரு வருவதில்லை, ஆனால் ஓடு மாற்றும் செலவு மட்டும் தவறாமல் வருகிறது. கோங்க் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் அரசு பெரும்பங்கு உதவும். பட்டியலில் இல்லாத சின்னக் கோயில்களின் நிலைதான் கவலைக்கிடம். 2016-இல் கோங்க் பக்கத்து மூன்று ஊராட்சிகளோடு இணைந்து ‘கோங்க் ஆன் ரூவேர்க்’ ஆனது. 1998-இலிருந்து சந்தியாகோ யாத்திரைப் பாதைகளின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ பட்டியலிலும் இந்தக் கோயிலும் தூர்தூ ஆற்றுப் பாலமும் இருக்கின்றன.

கடைசியாகக் கண்ணாடிகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பியேர் சூலாஜ் ரோடெஸ்காரர், 1919-இல் பிறந்தவர், கருப்பு நிறத்தைக் கொண்டே ஓவியம் தீட்டி உலகப் புகழ் பெற்றவர். பள்ளிச் சிறுவனாகக் கோங்க் கோயிலுக்குள் நின்றபோதுதான் கலையே தன் வாழ்க்கை என்று தீர்மானித்ததாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 1986-இல் இந்தக் கோயிலின் சாளரங்களுக்குப் புதுக் கண்ணாடி செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. மொத்தம் 104 திறப்புகள். வண்ணமே இல்லாத, ஒளியை விடும் ஆனால் வெளியே இருப்பதைக் காட்டாத கண்ணாடி வேண்டும் என்றார். கிடைக்கவில்லை. துலூஸில் ஒரு கண்ணாடிக் கலைஞரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து அதை உருவாக்கினார். 1994-இல் வேலை முடிந்தது. அதற்கு முன் இருந்த வண்ணக் கண்ணாடிகளில் புனிதர்களின் உருவம் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு வெறும் வெள்ளைக் கண்ணாடியில் கறுப்புக் கோடுகளா என்று ஊரில் கடும் எதிர்ப்பு இருந்தது.

எனக்கும் படத்தில் பார்த்தபோது பிடிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எண்ணம் மாறியது. காலையில் கண்ணாடிகள் லேசான நீலத்தில் இருந்தன. மேகம் விலகியதும் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பான மஞ்சளுக்கு மாறியது. வளைந்து சரியும் கோடுகள் கல்லின் நேர்க்கோடுகளோடு மோதாமல் ஓடுகின்றன. வண்ணக் கண்ணாடி இருந்திருந்தால் தூண்களின் மேல் சிவப்பும் பச்சையும் விழுந்து கல்லின் சொந்த நிறம் தெரிந்திருக்காது. இப்போது தேன் மஞ்சளும் சிவப்பும் சாம்பலும் தனித்தனியாகத் தெரிகின்றன.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு யோசனை. பகல் நேரப் பயணமாகப் போய்த் திரும்பாமல் ஓர் இரவு தங்குங்கள். புனிதையின் திருநாள் அக்டோபர் 6, அதை ஒட்டிப் போனால் ஊர்த் திருவிழாவைப் பார்க்கலாம். ரோடெஸ் நகரில் சூலாஜ் அருங்காட்சியகம் 2014-இல் திறந்தது, கோங்க் கண்ணாடிகளுக்கு அவர் போட்ட முழு அளவு வரைபடங்கள் அங்கே இருக்கின்றன. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனால் நல்லது. வாசல் மேற்குப் பார்த்தது, அதனால் சிற்பத்தைப் பார்க்கச் சாயங்காலம்தான் சரியான நேரம். வெயில் தாழ்ந்து நேராக உள்ளே விழும்போது பேயின் விரல் தராசுத் தட்டை அழுத்துவதும், மேலே அந்தப் பதினான்கு முகங்களும் தெளிவாகத் தெரியும்.